ஒண்ணும் பண்ணாது

பிளாஸ்க் மடியில் சுட்டது. நல்ல பிளாஸ்க் என்றால் வெளியே சூடு தெரியக்கூடாது, இது அவள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது, அதற்கும் வயதாகிவிட்டது, மூடியை என்னதான் திருகினாலும் ஒரு துளி கசிந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்து இருக்கை காலியாகத்தான் கிடந்தது, அங்கே வைக்கலாம், பஸ் பிரேக் போட்டால் உருண்டுவிடும், உருண்டால் கொட்டிவிடும், கொட்டினால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. கலாமணி பிளாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒண்டிப்புதூரில் ஏறியவுடன் கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குங்களாக்கா? பிளாஸ்க்கப் பாத்தாலே தெரியுது" என்று சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினாள். பிளாஸ்க்கைப் பார்த்தால் ஆஸ்பத்திரி தெரிகிறது, அங்கே படுத்திருக்கிற அப்பா தெரிகிறார், அவருக்குப் பால் கொண்டுபோகிற பொறுப்பான மகள் தெரிகிறாள், பாலுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு மாத்திரை. தேக்கரண்டியின் முதுகால் நசுக்கி, சர்க்கரையோடு சேர்த்துக் கலக்கி, காலையில் வீட்டில் யாருமே இல்லாதபோதும் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கலக்கினாள். யாரும் இல்லாத வீட்டில் யாரிடமிருந்து மறைத்தாள்? அப்பா ஆறுக்குட்டி, பஞ்சு மில்லில் முழு நைட்டு ஷிப்ட் பார்த்துப் பார்த்து ஓய்ந்த மனுஷர், எண்பதைத் தொடப் போகிறவர், திடீரென்று புத்தி தடுமாறி ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு நாலு நாள். சேர்த்த அன்றைக்கே அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா கேட்டாள், வீட்ல புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களாம்மா என்று. பக்கத்தில் அண்ணன் தேவராஜ் நின்றிருந்தான், நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இல்லீங்க என்று சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை, தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. பிரஷருக்கு மட்டும்தானுங்க, வேற ஒண்ணும் இல்லீங்க. சொன்னதற்கு அப்புறம்தான் நாக்கு உலர்ந்துபோனது. வாயில் வந்த ஒரு வார்த்தையை அப்போதே திருப்பி எடுத்திருந்தால் பொய்யாகியிருக்காது, தப்பாகச் சொல்லிட்டேனுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஆனால் நர்ஸ் எழுதிவிட்டாள், எழுதினதை அடிக்கச் சொல்ல வேண்டுமே என்று இருந்துவிட்டாள், எதற்கெல்லாம் கூச்சப்படுகிறது மனுஷ புத்தி.

சளிக்குக் கொடுக்கிற மாத்திரைதான். அரிப்புக்கும் கொடுப்பார்களாம். மெடிக்கல்காரர் அப்படித்தான் சொன்னார், தூக்க மாத்திரை சீட்டில்லாமக் குடுக்க முடியாதுங்கக்கா, இதுல தூக்கம் தானா வரும், ஒண்ணும் பண்ணாது. ஒண்ணும் பண்ணாது. அந்த வார்த்தையைக் காகித உறையில் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டு வந்தாள். முதலில் பாதி, பாதிக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை, பிறகு ஒன்று, அப்புறம் ஒன்றும் போதாமல் போனது. அதற்கு முன்னால் அவள் தூங்கி எத்தனை காலமாகியிருந்தது என்று யார் கேட்டார்கள். ஊர் அடங்கினதும் அப்பா எழுந்துகொள்வார். விளக்கைப் போடுவார், முகம் கழுவுவார், சட்டை மாட்டுவார், அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவார், கேட்டைத் திறந்து தெருவில் நிற்பார், தெருநாய் எல்லாம் குரைக்கும். என்னப்பா இது என்று கேட்டால், "நீ படு அம்மிணி, எனக்குத் தூக்கம் வரல" என்பார், எவ்வளவு சாதாரணமாகச் சொல்வார். தூக்கம் வராத வியாதி என்று அவளாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். வியாதி எங்கே இருந்தது? ஆயுசு பூராவும் முழு நைட்டு பார்த்த உடம்புக்கு அதுதான் பகல். அம்மா இருந்தவரைக்கும் இது யாருக்கும் தெரியவே இல்லை, ஏனென்றால் அம்மாவும் கூடவே விழித்திருந்தாள், இரண்டு பேரும் அடுப்படியில் கடுங்காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு, அவரைக்காய் ஆய்ந்துகொண்டு, சொந்தக்காரர்களை வாய்க்கு வந்தபடி பேசிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், காலையில் காய் நறுக்கித் தயாராக இருக்கும், அம்மா எவ்வளவு சுறுசுறுப்பு என்று இவள் நினைத்துக்கொள்வாள். அம்மா போனபோது அந்த வேலையை யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அண்ணன் பெண்டாட்டி சித்ரா திருப்பூரிலிருந்து போன வருஷமே சொல்லிவிட்டாள், மாமாவ வெச்சுக்க முடியாதுங்க, குழந்தைக படிக்கணும் என்று. புருஷன் போய், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த கலாமணியிடம் அப்பா வந்து சேர்ந்தார். வந்தது சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் அவள் எல்.கே.ஜி. டீச்சர், காலையில் போனால் முப்பது வாண்டுகளைக் கட்டி மேய்க்க வேண்டும், ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்துத் தட்டிக்கொண்டே இருந்தவள் நாற்காலியில் தானும் சாய்ந்துவிட்டாள், கண்ணைத் திறந்தால் யோகித் என்கிற பையனைக் காணோம். கேட் தாண்டி, ரோடு தாண்டி, பூக்காரம்மா கடையில் நின்று உதிரிப்பூவை எண்ணிக்கொண்டிருந்தான். ரோடு தாண்டி. அந்த ரோட்டில் மண் லாரி போகும். இன்னொரு தடவை இப்படி நடந்தா நாங்க வேற மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும் டீச்சர் என்று கரஸ்பாண்டென்ட் மெதுவாகத்தான் சொன்னார், மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரே மெடிக்கலுக்குத்தான் போனாள். இதில் என்ன தப்பு? பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? சரி, பையனுக்காக என்றே வைத்துக்கொள்வோம், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாமே, அப்பா இது தூக்கத்துக்கு, போட்டுக்குங்க என்று, அவர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சிங்காநல்லூரில் கும்பல் ஏறியது. பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண் வந்து உட்கார்ந்து, இடித்ததற்குச் சிரித்தாள், இவளும் சிரித்தாள், சிரிக்க முடிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. மாத்திரை கொடுத்த முதல் நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன. அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பு கூசியது, நன்றாக இருந்ததை. கட்டையைப் போட்ட மாதிரி தூங்கினாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும், என்ன டீச்சர் முகம் தெளிஞ்சிருக்கு என்றார்கள். அப்பா பகலிலும் அசந்து கிடந்தார், சோறு குறைந்தது, வாய் உலர்கிறது என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வயசாகிறதல்லவா. எல்லாவற்றுக்கும் இந்த வயசு என்கிற சாக்கு எவ்வளவு கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோய் நீட்டினால், அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் புதிதாக வந்த ஒறம்பரையை, விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். அந்த மரியாதை. பெற்ற பிள்ளையை நீங்க என்று கூப்பிட்ட மரியாதை. போர்வை நுனியைப் பிரித்துப் பிரித்து நூலை எடுத்து, இரண்டு விரலில் உருட்டி, முடிச்சுப் போட்டு, "இழை அறுந்துட்டே இருக்குது, மேஸ்திரி பாத்தா வைவாரு" என்றார். எச்சில் தொட்டு நூலை ஒட்டவைத்தார். இல்லாத நூலையும் காற்றில் பிடித்து முடிச்சுப் போட்டார். ஆஸ்பத்திரியில் அதையே செய்தார், மருந்து ஏறுகிற குழாயை இழை என்று நினைத்து உருவினார், ரத்தம் வந்தது, அதனால் கட்டில் கம்பியோடு இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிப்போட்டார்கள். கட்டினதும் கத்தினார். வார்டில் மற்ற ஆட்கள் முகம் சுளித்தார்கள். முதல் இரண்டு நாளும் கலாமணிதான் கூட இருந்தாள், கத்தல் பொறுக்காமல், அந்தக் கட்டைப் பார்க்கச் சகிக்காமல், கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் பாலில் போட்டாள். அங்கேயும். டாக்டரும் நர்சும் இருக்கிற இடத்தில், அவர்கள் ஒரு பக்கம் மருந்து ஏற்றிக்கொண்டிருக்க, இவள் இன்னொரு பக்கம். தூங்கினால் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்று நினைத்தாள். தூங்கினார், அவிழ்த்தார்கள், விடிந்ததும் முன்னைவிட மோசமாக எழுந்தார். ஸ்கேன் பார்த்துவிட்டு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு என்றார்கள். அதைக் கேட்டபோது அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்தது, அப்பாடா என்று. இதோ காரணம் கிடைத்துவிட்டது, படத்திலேயே தெரிகிறது, நான் இல்லை. அப்பாவுக்கு மூளை சுருங்கியதற்கு அப்பாடா என்றவள் அவள். நேற்று ராத்திரிக்கு தேவராஜ் இருந்தான், அவனிடமும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கலந்தே கொடுத்துவிட்டு வந்தாள், அப்பாவுக்குப் பால் குடுத்துருங்ணா, மறந்தராதீங்க என்று வேறு சொல்லி.

கைப்பைக்குள் போன் அடித்தது. பிளாஸ்க்கைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள். அண்ணன்தான். இந்நேரத்துக்கு ஏன் கூப்பிடுகிறான்?

"அம்மிணி, எங்க வந்துட்டிருக்கற?"

"சிங்காநல்லூர் தாண்டிட்டேனுங்ணா. என்னாச்சு? கையக் கட்டித்தான் வெச்சிருக்காங்களா?"

"அதெல்லாம் அவுத்தாச்சு. நல்லாத் தெளிஞ்சுட்டாரு அம்மிணி. காத்தால என்னையப் பாத்து, தேவா, நீ எப்படா வந்தேங்கறாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. இட்லி கேட்டுத் தின்னாரு. அம்மிணி பள்ளிக்கூடம் போயிட்டாளான்னு உன்னையத்தான் கேட்டுட்டிருக்காரு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஒர்க் ஷாப்பில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்காதே கண் போய்விடும் என்று சின்ன வயதில் அப்பா கையால் கண்ணை மூடுவார்.

"டாக்டரம்மா நேத்துப் பொழுதோட ஒரு புது மருந்து மாத்துனாங்கல்ல, அதுதானாக்கும் வேலை செஞ்சிருக்குது. கேக்குதா?"

"கேக்குதுங்ணா. ராத்திரி பால் குடிச்சாருங்களா?"

"எந்தப் பாலு? ஓ, நீ குடுத்துட்டுப் போனதா? அது நாங் குடிச்சுப்போட்டேன் அம்மிணி. அவரு எந்திரிக்கவே இல்ல, எனக்கும் பசி, கீழ கேண்டீன் மூடிட்டான். அதென்ன பாலோ போ, குடிச்சுப்போட்டுச் சேர்ல சாஞ்சவந்தான், அடிச்சுப் போட்டாப்புல தூங்கிப்போட்டேன். நர்சம்மா வந்து உலுக்கித்தான் எந்திரிச்சேன். இன்னும் தலை கிண்ணுன்னு கெடக்குது, வாயெல்லாம் வறண்டு போச்சு. சரி, நீ வா, டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வர்ற நேரம்."

போனை வைத்துவிட்டாள். பிளாஸ்க் அப்படியே இருந்தது. வாயெல்லாம் வறண்டு போச்சு. எருமை மாதிரி இருக்கிற அண்ணனை, நாளெல்லாம் பனியன் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவனை, அந்தப் பால் சாய்த்துப்போட்டிருக்கிறது. எலும்பும் தோலுமாக இருக்கிற அப்பாவுக்கு அதைத் தினம் தினம். ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி அது உள்ளே போகவில்லை, பெயர் சொல்லி மகனைக் கூப்பிடுகிறார். முன்பே தெரியாதா உனக்கு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அது அவள் பள்ளிக்கூடத்துக் குரல், பிள்ளைகளிடம் கேட்கிற குரல், யாரு பண்ணுனது, நீயா, என் கண்ணப் பாத்துச் சொல்லு. தெரியும். தெரியாது. தெரிந்தும் தெரியாமலும் இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. தெரியாமல் இருந்திருந்தால் ஏன் டாக்டரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும்? சுருக்கென்று வேலாத்தாள் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரமும் எட்டி எட்டித் தள்ளிக்கொண்டே இருந்த ஞாபகம், பஸ்ஸில் ஏறினதிலிருந்தே பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரி வந்து நின்றது. வேலாத்தாள் அவர்கள் பள்ளிக்கூடத்து ஆயா. ப்ரீகேஜி பிள்ளை ஒன்று மத்தியானம் தூங்காமல் அழுதுகொண்டே இருக்கும் என்று அதன் பாலில் இருமல் மருந்தைக் கலந்து கொடுத்தாள். கண்டுபிடித்தது கலாமணிதான். டம்ளரை முகர்ந்து பார்த்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனது கலாமணிதான். எல்லா டீச்சர்களுக்கும் முன்னால் வைத்து, பச்சப்புள்ளைக்குக் குடுத்திருக்கியே நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று கேட்டதும் அவளேதான், அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்க வேண்டாம், ஆனால் கேட்கும்போது நன்றாக இருந்தது. வேலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், ஒண்ணும் பண்ணாதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்க டீச்சர். அன்றைக்கே வேலை போனது. அதே வார்த்தை. மெடிக்கல்காரர் கலாமணியிடம் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கு வேலாத்தாள் நினைவு வந்ததா இல்லையா? வந்தது. வந்தது, வராத மாதிரி உறையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அது குழந்தை, இது அப்பா என்று சொல்லிக்கொண்டாள். என்ன பெரிய வித்தியாசம்? குழந்தைக்காவது தட்டிக் கேட்க ஒரு டீச்சர் இருந்தாள்.

ராமநாதபுரம் சிக்னலில் பஸ் நின்றது. நின்றதும் வெயில் ஜன்னல் வழியாக நேரே வந்து முகத்தில் விழுந்தது. யோசித்துப் பார்த்தால் இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு எண்ணம் மெதுவாக, தடவிக்கொடுக்கிற மாதிரி வந்தது. அப்பா தெளிந்துவிட்டார். டாக்டரம்மாவுக்குத் தன் மருந்து வேலை செய்த சந்தோஷம். அண்ணனுக்கும் சந்தோஷம். இந்தப் பாலை வார்டு வாசலில் இருக்கிற கைகழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டு, பிளாஸ்க்கை இரண்டு தரம் அலசிவிட்டு, கைப்பையில் மிச்சம் இருக்கிற மாத்திரை அட்டையையும் குப்பையில் போட்டுவிட்டால் முடிந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை. இனிமேல் ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறேன், ராத்திரியில் கூடவே உட்கார்ந்து கடுங்காப்பி போட்டுக் கொடுக்கிறேன், அம்மா மாதிரி, வேலை போனாலும் போகட்டும். மனசுக்குள் இப்படி வாக்குக் கொடுக்கும்போது எவ்வளவு தாராளமாக வருகிறது. ஆனால் அன்னூர் பக்கத்து முதியோர் இல்லம் இருக்கிறதே. தேவராஜ் நேரில் போய்ப் பார்த்து, மரமெல்லாம் இருக்குது, டி.வி. இருக்குது, ராத்திரி வாட்ச்மேன் இருக்கான், கேட்டைத் தாண்ட முடியாது என்று சொல்லி, ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறான். புத்தி தவறின ஆளை ஒத்தப் பொம்பள எப்படி வெச்சுப் பாப்ப என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. அப்பாவுக்குப் புத்தி தவறவில்லை, நான்தான் தவறவைத்தேன் என்று சொல்ல இவளைத் தவிர உலகத்தில் ஆள் கிடையாது. சொல்லாவிட்டால் இந்த ஒரு வாரம் அவர் நெற்றியில் எழுதி ஒட்டினதாகிவிடும். நாளைக்கு அவர் மூக்குக் கண்ணாடியை எங்காவது மறந்து வைத்தால்கூட எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சரி, சொல்ல வேண்டியதுதான். அண்ணன் இல்லாதபோது டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். டாக்டர் அண்ணனிடம் கேட்காமலா இருப்பாள். முதலில் பாலை ஊற்றிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிக்னல் விழுந்து பஸ் கிளம்பினதும் அப்படித்தான் முடிவு செய்தாள், முடிவு செய்ததும் கொஞ்சம் பசித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி மாடி ஏறும்போது முடிவு இரண்டு தரம் மாறி, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. தொட்டி அங்கேதான் இருந்தது. ஒரு பெண் அதில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று கலாமணி நின்றாள். அவள் போனாள். பிளாஸ்க் மூடியைத் திருகினாள், ஆவி மேலே வந்தது, ஏலக்காய் வாசனை, ஆமாம், ஏலக்காய் வேறு தட்டிப் போட்டிருந்தாள், மணமாக இருந்தால் கடைசிச் சொட்டுவரை குடிப்பார் என்று. சாய்க்கப் போனபோது, "அம்மா, நீங்க ஆறுக்குட்டி ஐயா பொண்ணுதானே, வாங்க, டாக்டர் உங்க பெட்லதான் இருக்காங்க" என்று நர்ஸ் முழங்கையைத் தொட்டு அழைத்தாள். மூடியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி நாலு நாள் வெள்ளையாக முளைத்திருந்தது, மணிக்கட்டில் கட்டின இடம் சிவந்து கிடந்தது, கண் மட்டும் அவர் கண்ணாக இருந்தது. "வா அம்மிணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஐயா, இது யாரு?" என்று கேட்டாள்.

"எம் புள்ள, கலாமணிங்க. டீச்சரா இருக்குது."

"வெரி குட். நேத்து மாத்தின மருந்து நல்லாக் கேட்டிருக்கு" என்று டாக்டரம்மா தேவராஜைப் பார்த்துச் சொன்னாள். அவன் கட்டிலின் கால்மாட்டில் கண்ணெல்லாம் வீங்கி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றான். "ஆனா இது திரும்ப வரலாம் சார். மறதி நோயோட ஆரம்பம்னுதான் நான் நினைக்கிறேன். இந்த மாத்திரைய இனி நிறுத்தவே கூடாது. நீங்க சொன்ன மாதிரி, கூடவே ஆள் இருந்து பாத்துக்கற இடம்னா அவருக்கும் நல்லது."

"அன்னூர்ல எடம் சொல்லியாச்சுங்க. டிஸ்சார்ஜ் பண்ணுனா நேரா அங்கயே கூட்டிட்டுப் போயிர்றேன்" என்ற தேவராஜ் அப்பாவின் காலைத் தொட்டான். "ஏம்ப்பா, நல்ல எடம்ப்பா. மரமெல்லாம் இருக்குது."

அப்பா அவனைப் பார்த்தார், பிறகு கலாமணியைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்து, "சரிங்க" என்றார். ஷிப்ட் மாற்றிப் போட்டதற்குச் சரி சொல்கிற மாதிரி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால், கத்தியிருந்தால், கலாமணி இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாளோ என்னவோ. அந்தச் சரிங்கவை அவளால் தாங்க முடியவில்லை.

"மருந்து கேக்கலீங்க டாக்டர்" என்றாள். தன் குரல் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. "நாந்தானுங்க. பால்ல மாத்திரை கலந்து குடுத்துட்டு இருந்தேனுங்க. இங்க வந்தும் குடுத்தேன். நேத்து ராத்திரி மட்டும் அவரு குடிக்கல. அதான் தெளிஞ்சுட்டாரு."

கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டிருந்தது. "எத்தனை?" "ரெண்டுங்க." "தினமுமா? முத நாளே கேட்டேனேம்மா." கலாமணி தலையாட்டினாள். "சளி மாத்திரைதான்னு நினைச்சிருப்பீங்க. இந்த வயசுல இது ஒண்ணே போதும், ஆளையே மாத்திப்போட்டுடும். நல்ல வேளை, இப்பவாவது சொன்னீங்க. நான் எல்லாத்தையும் நிறுத்திட்டு மறுபடி பாக்கறேன்" என்றாள் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எந்தப் பாலு?" என்று தேவராஜ் கேட்டான். அவனுக்கு எல்லாமே மெதுவாகத்தான் ஏறும், இன்றைக்கு இன்னும் மெதுவாக ஏறியது. பிளாஸ்க்கைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். "நாங் குடிச்ச பாலா? அதுல மருந்தா? அடிப்பாவி, பெத்த அப்பனுக்கா குடுத்த? நாங்கூட இவருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேனே!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். இன்னும் சத்தமாகத் திட்டினால்கூட நன்றாக இருக்கும், வேலாத்தாளை அவள் திட்டின அளவுக்காவது. அப்போது அப்பா கையை நீட்டி அண்ணனைப் பேசாதே என்று அமர்த்தினார்.

"அவளை ஒண்ணுஞ் சொல்லாத தேவா. எனக்குத் தெரியும்."

"என்னப்பா தெரியும்?" என்றான் அவன்.

அப்பா கலாமணியைத்தான் பார்த்தார். "டம்ளர் அடியில மாவாட்டம் நிக்கும் அம்மிணி. முத நாளே பாத்தேன். வெரலால வழிச்சு அதையுங் குடிச்சுருவேன். நீ தூங்கோணுமில்ல."

கலாமணி அந்தக் கண்ணில் தடுமாற்றம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். கொஞ்சமாவது குழம்பியிருந்தால், ஏதோ உளறுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். துளியும் இல்லை. வெளிச்சமாக, அன்பாக, எல்லாம் தெரிந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புத்தி திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு கணம்தான். ஆனால் தோன்றிவிட்டது.